பிடி அரிசியும் இருநூற்றைம்பது வராகனும்

இராமேசுவரம் செல்வோர் தூண்களை எண்ணுகின்றனர். வெளிப் பிராகாரத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் என்று வழிகாட்டி சொல்ல, வாய் பிளந்து நிற்கின்றனர். நாமும் கண்டோம். கல்லுக்கு உயிர் தந்த கைகளின் திறனை வியந்தோம். வியந்து முடிந்த பிறகு நம் நெஞ்சில் ஒரு வினா எழுந்தது. தூண்களை எண்ணினார்கள், சரி. அந்தத் தீவிலே, அந்தக் கடற்கரையிலே, எழுத்தறிந்த மீனவர் எத்தனை பேர் என்று அந்நாளில் எண்ணியவர் உண்டா? தூண் ஒன்றுக்கு ஒரு பலகை வீதம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தவர் உண்டா?

தூணை இடிக்கச் சொல்லவில்லை நாம், கணக்குக் கேட்கிறோம்! கேட்பது குற்றமன்று. கேட்காமல் இருந்ததே நம் குற்றம்.

மன்னர் கொடுத்த மானியங்கள் செப்பேட்டில் இருக்கின்றன. கோயிலுக்குக் கொடுத்த ஊர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. ஆனால், ஒரு பிள்ளை படிக்க யாரோ ஒருவர் கொடுத்த நாலணாவும், ஒரு தாய் உலைப்பானையிலிருந்து எடுத்து வைத்த ஒரு பிடி அரிசியும் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. பொறிக்கப்படாத அந்தக் கணக்கைத்தான், இராமநாதபுரம் சீமையின் வரலாற்றிலிருந்து இங்கே எடுத்துப் பார்க்க விரும்புகிறோம். பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வோம். கொடுத்தவர் யார்? உள்ளே வந்தவர் யார்? வந்த பிள்ளையின் உடன் நின்றவர் யார்?

கும்பினியின் கொடை

இராமேசுவரத்தின் மூன்றாம் பிராகாரம் முத்துராமலிங்க சேதுபதியின் காலத்தில் முடிந்தது என்பர். அதே சேதுபதி ஆண்ட நாளில்தான், 1785-ல், இராமநாதபுரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளி பிறந்தது. தஞ்சையில் கும்பினியின் பேராளராக இருந்த ஜான் சலிவன் திட்டம் தீட்டினார். செருமானியப் பாதிரியாரான சுவார்ட்சு அதற்கு உருக்கொடுத்தார். தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களிலும் பள்ளிகள் எழுந்தன. 1787-ல் இலண்டனிலிருந்த கும்பினியின் இயக்குநர்கள், பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் வழங்க ஒப்பினர். வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்ற பிற்காலக் கணக்கில், அது 875 ரூபாய். இந்த நாட்டில் வெள்ளையர் ஆட்சி பள்ளிக்கென்று கொடுத்த மானியங்களில் மிகப் பழையனவற்றுள் இதுவும் ஒன்று.

நம் முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கொடுத்தவன் கும்பினிக்காரன். ஏன் கொடுத்தான்? தமிழன் மீது காதலா? இல்லை. வெள்ளைத் துரைக்கும் நாட்டு மக்களுக்கும் இடையே துபாஷிகள் நின்று, இரு பக்கமும் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் அறிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் உருவானால், ஆட்சிக்கு அந்த இடைத்தரகு வேண்டியதில்லை. மக்களுக்கும் கும்பினியின் மீது நம்பிக்கை பிறக்கும் என்பது சலிவன் போட்ட கணக்கு. கொடை என்று சொன்னார்கள். முதலீடு என்று நாம் படிக்கிறோம்!

இரண்டாவது கேள்வி: உள்ளே வந்தவர் யார்? பெரும்பாலும் மேல்சாதிப் பிள்ளைகள். அதிகாரிகள், வசதி படைத்தோர் வீட்டுச் செல்வங்கள். கடலில் வத்தை ஓட்டியவன் மகனுக்கும், பனையேறியின் மகனுக்கும், சேரியில் பிறந்தவனுக்கும் அந்தப் பள்ளியின் வாசற்படி எட்டாத உயரத்தில் இருந்தது.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஓரளவு நல்ல விடை உண்டு. சுவார்ட்சு பணத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டிய மனிதரல்லர். தமிழைக் கற்றார்; மராத்தியையும் பாரசீகத்தையும் கற்றார். பள்ளியை வஞ்சகமாக மதமாற்றத்துக்குப் பயன்படுத்தவில்லை என்று உறுதி கூறினார். 1798-ல் தஞ்சையில் மறையும் வரை கல்விப் பணியோடு கலந்திருந்தார். அவருடைய மதம் நமக்கு உடன்பாடா என்பது வேறு. பிள்ளையின் பக்கத்தில் நின்றாரா என்று கேட்டால், நின்றார் என்றே சொல்ல வேண்டும். நேர்மை பகுத்தறிவின் முதற்படியன்றோ!

ஆனால் கும்பினியின் நேர்மை? 1795-ல் அதே முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறைப்படுத்தியது. மீண்டும் தன் நாட்டை ஆளாமலே, 1809-ல் சென்னைக் கோட்டையில் சிறைக்கைதியாக அவர் மாண்டார். ஒரு கையால் ஆண்டுக்கு 250 வராகன் கொடுத்த கும்பினி, மறு கையால் நாட்டையே எடுத்துக்கொண்டது. எவ்வளவு மலிவான விலை!

உள்ளவனுக்கே உதவி

அந்நாளில் வேறு பள்ளிகளே இல்லையா? இருந்தன. 1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள். படித்தோர் 1,88,650 பேர். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். ஒரு பிள்ளை மாதத்துக்கு நான்கு முதல் எட்டணா வரை கொடுக்கும். ஆசிரியருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பது அரிது. ஆசிரியர்க்குப் போதிய ஊதியம் இல்லாததே கல்வி தாழ்ந்து கிடப்பதற்குக் காரணம் என்பதை மன்றோவே உணர்ந்திருந்தார்.

எண்ணிக்கையைக் கண்டு, "ஆகா, பொற்காலம்!" என்று கூத்தாடுவோர் இன்றும் உண்டு. ஆடட்டும். திண்ணை யாருடையது, அதில் உட்கார உரிமை யாருக்கு இருந்தது, பெண் குழந்தைக்கு அங்கே இடம் இருந்ததா என்று கேட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

1854-ல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை வந்தது. தனியார் நடத்தும் பள்ளிக்கு அரசு உதவித்தொகை தரும் என்றது. நல்ல செய்தி. ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள். பள்ளியை நடத்த உள்ளூரிலே ஒரு நிருவாகம் இருக்க வேண்டும். மாணவரிடம் சிறிதளவேனும் கட்டணம் வாங்க வேண்டும். பள்ளி முதலில் நிற்க வேண்டும். உதவி பிறகு வரும்.

இதன் பொருள் என்ன? கட்டடம் உள்ளவனுக்குக் காசு. கட்டணம் கட்ட வல்லவனுக்குக் கல்வி. ஏதும் இல்லாதவனுக்கு ஏமாற்றம்! பாதிரிமார் சங்கங்களிடம் நிருவாகம் இருந்தது. செல்வரிடம் இருந்தது. பாம்பன் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவனிடம் என்ன இருந்தது? உதவித்தொகை என்பது ஏணிதான். ஆனால், அந்த ஏணியின் கீழ்ப்படி அவன் தலைக்கு மேலே தொங்கியது.

அந்த ஏணியை எட்டிப் பிடிக்க, ஒரு கூட்டம் தன் தோள்மேல் தானே ஏறி நின்றது. அந்தக் கதைதான் இந்தச் சீமையின் வரலாற்றிலே நம் மனத்தை மிகவும் தொடுவது.

கமுதியும் கைப்பிடி அரிசியும்

1897-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள். இராமநாதபுரம் சமீனைச் சேர்ந்த கமுதியில், நாடார் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்றனர். சென்றதுதான் குற்றம்! கோயிலின் பரம்பரை அறங்காவலரான பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடர்ந்தார். கோயில் தீட்டுப்பட்டதாம். தீட்டுக் கழிக்க 2,500 ரூபாய் தர வேண்டுமாம். 1899-ல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1908-ல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் கதவைச் சாத்தியது.

விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பத் துணை நின்றவர் என்று போற்றப்படுபவர் இதே பாஸ்கர சேதுபதி. 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கம் எழுந்தபோது, பாண்டித்துரைத் தேவருக்கு உறுதுணையாக நின்றவரும் இவரே. கடல் கடந்து சென்று மதத்தின் பெருமை பேசப் பணம் உண்டு. பக்கத்து ஊரான் படியேறி வந்தால் வழக்கு உண்டு! புலவருக்குக் கொடை உண்டு. உழைப்பவனுக்குத் தடை உண்டு! பாஸ்கர சேதுபதி என்ற ஒருவரின் குணக்கேடு என்று இதை முடித்துவிடக் கூடாது. நல்லவர் என்று பெயரெடுத்தவரைக் கொண்டே தீயதைச் செய்விக்கும் ஆற்றல் சாதிக்கு உண்டு என்பதற்கு இது சான்று.

கோயிற்கதவு சாத்தப்பட்டிருந்த அந்தக் காலத்திலேயே, அதே மக்கள் வேறொரு கதவைத் திறந்துவிட்டார்கள். பின்னாளில் இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கிய அருப்புக்கோட்டையிலும் விருதுநகரிலும், 1880-களில் சத்திரிய வித்தியாசாலைகள் எழுந்தன. எங்கிருந்து வந்தது பணம்? மகமை! பேட்டைக்கு வரும் மூட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்று வணிகர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட சிறு வரி. அது உறவின்முறையின் பொதுப்பெட்டியில் சேர்ந்தது. பெட்டியிலிருந்து பள்ளிக்குப் போனது.

மகமை கடைக்காரன் கொடுத்தது. கடையில்லாத வீடு எதைக் கொடுக்கும்? அதற்கு விருதுநகர் கண்ட வழிதான் பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு கலயத்தில் போட வேண்டும். சேர்ந்ததை வீடுவீடாக வந்து வாங்கிச் செல்வார்கள். விற்ற காசு பள்ளிக்கு! கைப்பிடி அரிசி குறைந்ததால் எந்தக் குடும்பமும் பட்டினி கிடக்கவில்லை. கைப்பிடி அரிசி சேர்ந்ததால் ஒரு பள்ளி பட்டினி கிடக்காமல் வாழ்ந்தது.

இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். வராகன் கொடுத்த கும்பினிக்காரன், பள்ளி நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன என்று இருந்துவிடலாம். பிடி அரிசி கொடுத்த தாய் அப்படி இருப்பாளா? "நான் போட்ட அரிசியில் நடக்கும் பள்ளி" என்று அவளுக்கு ஓர் உரிமை பிறக்கிறது. ஆசிரியர் வந்தாரா என்று கேட்கத் துணிவு பிறக்கிறது. சிறுதொகையின் பெருமை தொகையில் இல்லை. கொடுத்தவளுக்கு அது தரும் கேள்வி கேட்கும் உரிமையில் இருக்கிறது.

அந்த விருதுநகர்ப் பள்ளியிலே படித்தார் ஒரு சிறுவர். தந்தையை இழந்தார், ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டார், மாமன் கடையிலே வேலைக்கு நின்றார். அவர் பெயர் காமராசர்.

பாராட்டிவிட்டோம். இனிக் குறையையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: சத்திரிய வித்தியாசாலை! தாழ்த்தியவனின் ஏணியையே இரவல் வாங்கி, அதிலே மேற்படி ஒன்றில் ஏற நினைத்த மயக்கம் அந்தப் பெயரில் இருக்கிறது. பிற சாதிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட பள்ளிகள் அவை என்பது அந்த மயக்கத்தை வென்ற பெருமை. எனினும் மகமை, ஒரு சாதியின் பெட்டி. வணிகம் இருந்த சாதிக்கு மகமை இருந்தது. வலை மட்டுமே இருந்த கடலோரத்துக்கு? பிடி அரிசி எடுத்து வைக்க, முதலில் பானையில் அரிசி இருக்க வேண்டுமே!

வளையல் இருந்ததால் வந்த படிப்பு

இனி மீண்டும் தீவுக்குச் செல்வோம். 1931-ல் இராமேசுவரம் மசூதித் தெருவிலே பிறந்த அப்துல் கலாமின் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். குடியரசுத் தலைவர் ஆனார், ஏவுகணை செய்தார் என்று மாலை போடுகிறார்கள். நாம் மாலை போட வரவில்லை. அவர் தம் வாழ்க்கை வரலாற்றிலே தாமே சொல்லிச் சென்றவற்றில், நம் மூன்று கேள்விகளுக்கும் விடை தேட வந்திருக்கிறோம்.

ஐந்தாம் வகுப்பு. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், தொப்பியணிந்த முசுலிம் சிறுவன் கோயில் குருக்கள் மகனுக்கு அருகில் அமர்ந்திருப்பதைக் கண்டார். பொறுக்கவில்லை. கடைசிப் பலகைக்கு அனுப்பினார். தோழன் கண் கலங்கினான். பள்ளிக் கதவு திறந்துதான் இருந்தது. பலகையிலே கதவு போட்டார் ஆசிரியர்! செய்தியறிந்த குருக்கள் இலட்சுமண சாத்திரி, ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். பிஞ்சு உள்ளத்தில் நஞ்சைக் கலக்காதீர் என்றார். ஆசிரியர் திருந்தினார். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரோ, மாணவனைத் தம் வீட்டுக்கே உணவுக்கு அழைத்தார். சமையலறையில் பரிமாற மனைவி மறுத்தபோது, தாமே பரிமாறி, பக்கத்தில் அமர்ந்து உண்டார். அடுத்த முறை அந்த அம்மையாரே பரிமாறினார். வருணத்துக்குக் காவலாக எழுப்பிய சுவரில், அந்தச் சுவருக்குள் பிறந்தவரே கல்லைப் பெயர்த்த நிகழ்ச்சிகள் இவை. மனிதன் மாறக்கூடியவன் என்ற நம் நம்பிக்கைக்கு இவை துணை.

உடன் நின்றவர் இன்னும் உண்டு. வயதில் மூத்த நண்பர் சலாலுதீன். குடும்ப வறுமையால் தம் படிப்பைப் பாதியில் விட்டவர். தீவிலே ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவரே. கடிதம் எழுத வேண்டியவர்க்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். சிறுவனுக்குத் தீவுக்கு அப்பால் ஓர் உலகம் உண்டு என்று சொல்லிக் கொடுத்தார். மாணிக்கம் என்ற விடுதலை வீரர் தம் வீட்டுப் புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தார். போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் இரயில் நில்லாமல் போகவே, ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கித் தரும் வேலையைத் தந்து, முதற்கூலியும் கொடுத்தார் உறவினர் சம்சுதீன். பின்னர் இராமநாதபுரத்தில் சுவார்ட்சின் பெயர் தாங்கிய உயர்நிலைப்பள்ளி. ஆம், 1785-ல் எட்டாத உயரத்தில் இருந்த வாசற்படி, தீவிலிருந்து வந்த படகுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எட்டிவிட்டது! அங்கே ஐயாதுரை சாலமன் என்ற ஆசிரியர், "உன்னால் முடியும்" என்ற துணிவை ஊட்டினார்.

எண்ணிப் பாருங்கள். ஒரு குருக்கள், ஓர் ஐயர், ஒரு முசுலிம் நண்பர், ஒரு கிறித்தவ ஆசிரியர், புத்தகம் வைத்திருந்த ஒரு விடுதலை வீரர். எவரும் இலட்சம் கொடுக்கவில்லை. கொடுத்ததெல்லாம் ஒரு புத்தகம், ஒரு வேளைச் சோறு, சில சில்லறைக் காசு, ஒரு நல்ல சொல். உருவானவன் ஒரு மனிதன்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் கைதட்டி அமர்ந்துவிடலாம். சென்னைத் தொழில்நுட்பப் பயிலகத்தில் இடம் கிடைத்தபோது, சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். தந்தையிடம் இல்லை. தமக்கை தம் பொன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார், தம்பி படித்தார்.

அந்தத் தமக்கையின் உள்ளத்தை வணங்குகிறோம். வணங்கிக்கொண்டே கேட்கிறோம்: வளையல் இல்லாத தமக்கைகளின் தம்பிகள் எங்கே போனார்கள்? அந்தத் தீவிலே, அந்த ஆண்டிலே, அதே அறிவோடு எத்தனை பிள்ளைகள் வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனார்கள்? அந்தத் தமக்கையே படிக்க விரும்பியிருந்தால், அடகு வைக்க யாருடைய வளையல் இருந்தது? ஒரு கலாம் கிடைத்தார் என்று மகிழ்வது எளிது. கிடைக்காமல் போன கலாம்களை எண்ணுவதுதான் வரலாறு.

அரசும் ஊரும் கைகோத்தபோது

தனி மனிதரின் அன்பு பெரியது. ஆனால் அது எல்லாத் தெருவிலும் பிறப்பதில்லை. அதனால்தான் அன்பைச் சட்டமாக்க வேண்டும், பரிவைத் திட்டமாக்க வேண்டும் என்கிறோம். அதற்கும் நம் நாட்டில் முன்மாதிரி உண்டு.

1920-ல் சென்னை மாநகராட்சி, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பள்ளியில் சேர்க்கை பெருகியது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்ய வெள்ளையர் அரசு இசையவில்லை. 1925-ல் திட்டம் நின்றது. ஓர் அணா! அதற்குக்கூட மனம் வரவில்லை.

முப்பது ஆண்டு கழித்து, பிடி அரிசிப் பள்ளியில் படித்த காமராசர் முதலமைச்சராக அமர்ந்தார். கல்வித்துறையின் தலைமையில் பகுத்தறிவாளரான நெ. து. சுந்தரவடிவேலு இருந்தார். பகலுணவுத் திட்டம் முதலில் ஊர் மக்கள் கொடுத்த நெல்லிலும் காய்கறியிலும் 1956-ல் எழுந்தது. 1957 முதல் அரசும் செலவில் பங்கு கொண்டது. 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் பலகை கொடுத்தனர், கடிகாரம் கொடுத்தனர், ஏழைப் பிள்ளைக்குச் சீருடை கொடுத்தனர். விருதுநகரில் ஒரு சாதி செய்ததை, நாடு முழுவதும் ஊரே செய்தது. மகமைப் பெட்டியின் மேல் எழுதியிருந்த சாதிப் பெயரை அழித்துவிட்டு, "ஊர்" என்று எழுதினார்கள். மாற்றம் சிறு மாற்றமா?

2021-ல், பெருந்தொற்று பள்ளிகளை மூடிய பிறகு, தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தெருவிலேயே ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள். மாலையில் ஓரிரு மணி நேரம். இருபது பிள்ளைகள் அளவில் ஒரு கூட்டம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சிறு தொகை, பக்கத்திலே ஓர் ஆள், தெருவிலே திறந்த கதவு! நம் மூன்று கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் விடை சொல்ல முயன்ற ஏற்பாடு அது.

இளைஞர் செய்ய வேண்டியது

தோழர்களே! 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இராமநாதபுரம் மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 81 விழுக்காடு. ஆண்களில் நூற்றுக்கு 88. பெண்களில் நூற்றுக்கு 74. மன்றோ காலத்தை நினைத்தால் மலையளவு உயர்ந்திருக்கிறோம். ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிற்கும் அந்த 14 பேர் யார்? கடற்பாசி எடுக்க விடியலில் இடுப்பளவு நீரில் இறங்கும் பெண்கள் அவர்களில் இல்லையா? கருவாடு காயவைக்கும் தாய்மார் இல்லையா? 2018-ல் ஒன்றிய அரசு, வளர்ச்சியில் முனைந்து கவனிக்க வேண்டியவை என்று பொறுக்கிய மாவட்டங்களில் இராமநாதபுரமும் ஒன்று. பட்டியலில் பெயர் ஏறியது. பள்ளியிலும் பெயர் ஏற வேண்டும்.

வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுதான். காசு மட்டும் வந்தால், அது வராகன், கொடுத்தவனுக்குப் பயன்படும். அன்பு மட்டும் இருந்தால், அது வளையல், ஒருவனுக்குப் பயன்படும். காசோடு உடன் நிற்கும் ஆளும், எவரையும் கடைசிப் பலகைக்கு அனுப்பாத பள்ளியும் சேர்ந்தால்தான் அது கல்வி. அப்போதுதான் ஊருக்குப் பயன்படும்.

ஆகவே, படிப்பகம் வைத்திருக்கும் இளைஞர்கள் அதைச் செய்தித்தாள் புரட்டும் இடமாக மட்டும் விட்டுவிடக் கூடாது. மாலையில் அதே விளக்கின் கீழ் பத்துப் பிள்ளைகள் உட்காரட்டும். படித்த ஒருவர், பத்துப் பேருக்கு ஓராண்டு பொறுப்பேற்கட்டும். தேர்வுக் கட்டணத்துக்கு வளையல் அடகுக்குப் போகும் வீட்டை அறிந்து, அதற்குமுன் சென்று சேரட்டும் ஊரின் பொதுப்பெட்டி. பெட்டியின் கணக்கு மாதந்தோறும் சுவரிலே எழுதப்படட்டும். கொடுத்தவர் பெயரோ சாதியோ வேண்டாம், செலவு மட்டும் போதும். பெண்ணும் ஆணும் ஒரே வரிசையில் அமரட்டும். அரசு கொடுக்கும் உதவியை உரிமையாகக் கேட்டுப் பெறுங்கள். பெற்ற பிறகு அரசையே கேள்வி கேட்கும் துணிவை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

தூண்களை எண்ணியவர்கள் எண்ணிக்கொண்டிருக்கட்டும். நாம் பிள்ளைகளை எண்ணத் தொடங்குவோம். எண்ணிக்கையில் ஒருவர்கூட விடுபடாத நாள்வரை எண்ணுவோம்.